காதில் வைத்த பஞ்சு

பஞ்சை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தினாள். தெரு இல்லாமல் போனது.

கண்ணை மூட வேண்டிய வேலை இல்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. காதை மட்டும் அடைத்துக்கொண்டால் புருஷனுடைய நிலைமை வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

இடது கையில் போன். வலது கையில் தடி.

அவருக்கும் பார்வை இல்லை. ஆனால் போன வருடம் வரை காது நன்றாகக் கேட்டது. திரையில் இருப்பதைப் போன் அவருக்கு வாசித்துச் சொல்லும் வேகத்தைக் கேட்டு மற்றவர்களுக்குத் தலை சுற்றும். பிறகு வேகத்தைக் குறைத்தார். சத்தத்தைக் கூட்டினார். ஒருநாள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பிரெயில் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. அதற்கு விரல் போதும், காது வேண்டாம். ஆனால் அச்சகம் வரை போய்ச் சேர வேண்டுமே.

ஆட்டோவில் ஏற்றி அனுப்பிப் பார்த்தாள். ஓட்டுநர் வேறு ஏதோ ஒரு கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தொட்டுச் சொல்ல ஆளில்லாமல் மத்தியானம் வரை வெயிலில் அங்கேயே நின்றிருக்கிறார். கூடவே போகலாம் என்றால் அவளுக்கும் வேலை உண்டு, அதுவும் ஊரின் மறுகோடியில்.

திங்கட்கிழமை அவர் வருவாரா மாட்டாரா என்று அச்சகத்துக்கு இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

பயிற்சி மையத்துப் பெனிட்டா போனில் இரண்டு ஆப் ஏற்றிக் கொடுத்திருந்தாள். இரண்டும் பேசாது. கையில் அதிர்ந்து வழி காட்டும். எது சரிப்படும் என்று நானே நடந்து பார்க்கிறேன் என்று அவர் குதித்தார். முதலில் நான், என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதல் ஆப், சரியாகப் போனால் சும்மா இருக்கும். தவறினால்தான் அதிரும்.

மிளகாய் வற்றல் நெடி அடித்தது. மளிகைக் கடை. போன் சும்மா இருந்தது. அதன் பிறகும் சும்மா இருந்தது.

சரியாகத்தான் போகிறோமா, இல்லை போன் அணைந்துவிட்டதா?

கேட்கலாம். கேட்டால் பதில் காதில் விழாது. நின்ற இடத்திலேயே நின்றாள். முதுகு வியர்த்தது.

இரண்டாவதைப் போட்டாள். இது சரியான திசையில் இருக்கிறவரை விடாமல் அதிரும். விலகினால் நின்றுவிடும்.

பரவாயில்லை. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி இருந்தது. அவருக்கு இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. பெனிட்டாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டைக் கடக்கும்போதும் அது அதிர்ந்துகொண்டிருந்தது.

எதுவோ அவள் தோளை உரசிக்கொண்டு போனது. முகத்தில் சூடான காற்று அடித்தது. வலது கையில் தடி இல்லை.

இடது கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. வழி சரிதான்.

பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். ஹாரன், பிரேக், யாரோ ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டுவது எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. திட்டியவரைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஒரு பெண் தடியை எடுத்துக் கொடுத்து ஓரத்தில் கொண்டுவந்து விட்டாள்.

அங்கிருந்து வீடுவரை அழுதுகொண்டே வந்தாள்.

அவர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வந்து அவர் தோளைத் தொட்டதும் ஆறு விரல்களை நீட்டினார். கைக்கு மூன்றாக, பிரெயிலின் ஆறு புள்ளிகள். அவற்றின்மேல் தட்டித்தான் இப்போது வீட்டில் பேச்சு.

எது நல்லது என்று கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் தெருவுக்கே கேட்டது.

இரண்டாவது, என்று தட்டினாள். அது பொய் இல்லை.

அப்படியென்றால் ஆபீசுக்குச் சொல்லிவிடு என்றார். சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணைப் போட்டாள். மேனேஜர் சற்குணம் எடுத்தார். சாரோட சீட் அப்படியே இருக்கிறது, அவசரமில்லை, இன்னும் ஒரு மாதம் கழித்து வந்தாலும் சரி என்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்த வேண்டிய அவசியமே இல்லை என்று உடனே உறைத்தது.

“இல்ல சார். அவர் இனிமே வரமாட்டார். வேற ஆள் போட்டுக்குங்க.”

அவரையே ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்களேன் என்றார் சற்குணம். கேட்டுவிட்டேன் என்றாள். புருஷன் அவளை ஒட்டி, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, இன்னும் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

போனை வைத்தாள். அவர் விரல்களைத் தேடிப் பிடித்தாள். தயாராக நீட்டியே வைத்திருந்தார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், என்று தட்டினாள். நடுவில் ஓர் எழுத்து தப்பிப்போனது. திருத்தித் தட்டினாள்.

தெருவில் காய்காரர் கூவிக்கொண்டு போனார். எழுத்து தப்பியதிலேயே அவள் கலங்கியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் சேர்த்து மூடிப் பிடித்துக்கொண்டார்.

“அவங்ககிட்டப் போய் நீ கெஞ்சியிருக்க வேணாம்” என்றார்.