நடுமேடை

“இந்தக் கல்லை நடுமேடையிலேர்ந்து இறக்குங்க. அங்க என் சிற்பம்தான் இருக்கணும்.”

சென்ஜெராய் இதைச் சொன்னபோது கண்காட்சி தொடங்க மூன்று மணி நேரம்தான் இருந்தது.

முடாரே மக்கள் கலைக்கூடத்தில் நடுமேடை ஒன்றே ஒன்று. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு யாராவது ஒருவருக்குக் கொடுப்பார்கள். பதினோரு வருடமாக அது சென்ஜெராய்க்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம் மைடேயிக்குப் போனது. முதல்முறையாக ஒரு பெண்ணுக்கு.

எங்கள் ஊரில் ஆண்கள் கல்லைச் செதுக்குவார்கள், பெண்கள் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பார்கள். மைடேயியும் பதினான்கு வருடம் அடுத்தவர் கல்லைத் தேய்த்தவள்தான். பிறகு ஒருநாள் உளியைக் கையில் எடுத்தாள்.

அவள் செதுக்கியிருந்தது, தலையில் துணி கட்டிக்கொள்ளும் ஒரு பெண்ணை. இரண்டு கையும் மேலே தூக்கியிருக்கும். கைக்கும் கழுத்துக்கும் நடுவே வெளிச்சம் புகுந்து போகும். கல்லில் அவ்வளவு மெல்லிய கையை நான் அதுவரை பார்த்ததில்லை.

“பதினோரு வருஷம் உக்காந்த இடமில்லையா, சூடு ஆறல போல” என்றான் நீர்யானை செதுக்கியிருந்த ஃபுங்காய். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“உன்னோட நீர்யானைக்கு ஒரு ஓட்டாவது விழட்டும். அப்புறம் வந்து பேசு” என்றார் சென்ஜெராய்.

கலைக்கூடத்துக்குத் தலைவன் என்று நான் ஒருவன் இருக்கிறேன். “ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினது அண்ணே. மாத்த முடியாது” என்றேன்.

“அப்ப என்னோட எட்டுக் கல்லையும் வண்டியில ஏத்திடுங்க.”

தலைநகர் ஹராரேயிலிருந்து சிற்பம் வாங்க வருகிறவர்கள் அவர் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மைடேயி அவர் எதிரில் வந்து நின்றாள். “அண்ணே, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“எனக்கு அந்த இடம் வேணும்.”

கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். நான் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, மாத்திடுங்க” என்றேன். அது நியாயம் என்று நினைத்துச் சொல்லவில்லை. பயந்து சொன்னேன்.

நான்கு பேர் கல்லைத் தூக்கினார்கள். தலைப்பக்கத்தைச் சென்ஜெராயே தாங்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பின்பக்க ஜன்னலோரம் இறக்கிவைத்தார்.

“பறிச்ச கையே பத்திரமாவும் தூக்குது பாரு” என்றான் ஃபுங்காய்.

பதினோரு மணிக்கு மைடேயியின் அம்மாவும் இரண்டு அக்காக்களும் புது உடுப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். நேரே நடுமேடைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே சென்ஜெராயின் காட்டெருமை நின்றது. அம்மா திரும்பி மகளைத் தேடினாள். மைடேயி பின்பக்கமாகக் கை காட்டினாள். மூவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.

நடுமேடைக் கல்லுக்கு மட்டும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்றதெல்லாம் மெருகேறி வரும், அது மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வெறும் கல்லாக வரும். கூட்டத்துக்கு முன்னால் வைத்து கேஸ் தீயைப் பாய்ச்சி, கை வைக்க முடியாத சூட்டில் மெழுகைத் தேய்ப்போம். சாம்பலுக்குள்ளிருந்து கறுப்பு பளபளவென்று எழுந்து வரும். பெண்கள் குலவையிடுவார்கள்.

சென்ஜெராய் காலையிலேயே காட்டெருமையின் மெருகை உப்புத்தாளால் தேய்த்தெடுத்திருந்தார். அன்றும் தீயைப் பாய்ச்சினார், மெழுகைத் தேய்த்தார். காட்டெருமையின் முதுகில் கறுப்பு எழுந்து வந்தது. குலவை மட்டும் வரவில்லை. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சென்ஜெராய் நிமிர்ந்தே பார்க்காமல் கொம்பு வரைக்கும் தேய்த்து முடித்தார்.

கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. காலையில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று அவரைத் தேடிப் போனேன். பின்பக்க ஜன்னலோரம் மைடேயியும் அவரும் அவள் கல்லின் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அவர் ஈரத்துணியை அந்தச் சிற்பத்தின் வலது கைமேல் பிழிந்துகொண்டிருந்தார்.

“இப்ப பாரு” என்றார்.

நனைந்த கல் கறுத்தது. வெயில் பட்டு மெல்ல உலர்ந்து பழைய சாம்பல் நிறத்துக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மட்டும் உலராமல் கறுப்பாகவே நின்றது.

மைடேயி அதை விரலால் தொட்டாள்.

“வர்ற வழியில குலுங்கி விரிசல் விட்டிருக்கு. காலையில நீ புழுதியைக் கழுவினப்பவே பாத்துட்டேன். தீயைக் காட்டியிருந்தா கை தனியா உன் காலடியில விழுந்திருக்கும்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொன்னா நீயே மேடையேறி எல்லாருக்கும் சொல்லிட்டு இறக்கியிருப்ப. உனக்குத்தான் மறைக்கத் தெரியாதே.”

“என்கிட்டயாவது ஒரு வார்த்தை...” என்று இழுத்தேன்.

“உங்ககிட்ட சொல்றதும் பஸ் ஸ்டாண்டுல எழுதி ஒட்டுறதும் ஒண்ணுதான் தலைவரே.”

“அதுக்காக? இத்தனை பேர் முன்னாடி இப்படிக் கெட்ட பேர் வாங்கிக்கணுமாண்ணே?” என்றேன்.

அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“என்னைப் பேராசைக்காரன்னு நாலு நாள் பேசுவீங்க, விட்டுடுவீங்க. மொதமொதல்ல மேடை ஏறின பொம்பளையோட கல்லு எல்லார் கண்ணு முன்னாடியும் ஒடைஞ்சிருந்தா, அடுத்தவளை ஏத்த இன்னும் எத்தனை வருஷம் ஆக்கியிருப்பீங்க?”