நெருப்புக்குத் தப்பிய பொம்மை

“வெளிநாட்டுக்காரி வந்ததிலிருந்துதான் படிக்கட்டுல மூத்திர நாத்தம்” என்று மேல்வீட்டு அமதேயோ கிளப்பிவிட்ட பேச்சால், ருமேனியாவிலிருந்து வந்த ரொதிகாவிடம் அந்தக் கட்டடத்தில் யாரும் முகம் கொடுப்பதில்லை. வீட்டைக் காலி செய்யவும் சொல்லிவிட்டார்கள்.

ரொதிகா பொம்மைப் பட்டறையில் வேலை செய்தாள். மார்ச் திருவிழாவுக்கு அவள் செய்த கேலிப் பொம்மைக்கு அமதேயோவின் முகத்தை வைத்தாள்.

ஸ்பெயினின் வலென்சியா நகரில் இந்தத் திருவிழா முடிவில் பொம்மைகளையெல்லாம் கொளுத்திவிடுவார்கள். கண்காட்சியில் அதிக ஓட்டு வாங்கும் ஒன்று மட்டும் தப்பித்து அருங்காட்சியகத்துக்குப் போகும்.

ரொதிகா கண்காட்சி வாசலில் நின்று தன் பொம்மைக்கு ஓட்டுக் கேட்டாள்.

கால் பிசகி வீட்டில் கிடந்த அமதேயோ, அது தன் முகம் வைத்த பொம்மை என்று கேள்விப்பட்டு நெகிழ்ந்துபோய் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“உன்னை என்னவெல்லாம் பேசினேன். என்னைக் காப்பாத்தவாம்மா அலையறே?”

“எரிஞ்சா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும் ஐயா. எனக்கு மனசு வரலை.”

அவர் சொந்தபந்தம் அத்தனை பேரையும் போனில் கூப்பிட்டு ஓட்டுப் போட அனுப்பினார். போய் வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பிரமாதம்” என்றார்கள்.

பொம்மை ஜெயித்தது. அமதேயோ ஊன்றுகோலோடு பார்க்கப் போனார். அங்கே பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொம்மை அமதேயோ, ரொதிகாவின் வீட்டு வாசலில் திருட்டு முழியோடு கால்சட்டையை அவிழ்த்து நின்றிருந்தார்.

“அடிப்பாவி, பார்த்துட்டியா?”

“கதவுத் துளை வழியாப் பார்த்தேன். நான் சொன்னா யார் நம்புவாங்க?”

“எரிச்சிடும்மா. உன் கால்ல விழறேன்.”

“அதெப்படி ஐயா? உங்க சொந்தக்காரங்க ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சிருக்காங்களே.”