வலப்பக்கத்து எலிகள்

“மூணு மாசத்துக்கு வாங்கின மீனெண்ணெய் ஒன்றரை மாசத்துல எப்படித் தீர்ந்துச்சு சென்னம்மா?”

அப்துல் ரஷீத் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“எலிங்களுக்குத்தான் சார் ஊத்துனேன்.”

“அத்தனையுமா?”

“அத்தனையும் எலிங்களுக்குத்தாங்க சார்.”

இப்படி முகத்துக்கு நேராகப் பொய் சொல்கிறாளே என்று ரஷீத்துக்கு எரிச்சல் வந்தது. மங்களூரிலிருந்து ரயிலில் வந்த மத்தி மீனெண்ணெய் அது. பொம்மிடி ஸ்டேஷனுக்கு அவரே போய் எடுத்து வந்திருந்தார்.

தர்மபுரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் அவர். டாக்டர் பட்டத்துக்காக எலி வளர்த்தார். இடப்பக்கக் கூண்டுகளில் பன்னிரண்டு, வலப்பக்கத்தில் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் கேழ்வரகு மாவு உருண்டைதான் தீனி. இடப்பக்கத்து உருண்டையில் மீனெண்ணெய். வலப்பக்கத்து உருண்டையில் கடலை எண்ணெய்.

இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் மாதிரி மைட்டோகாண்ட்ரியா இருக்கின்றன. இதயம் துடிப்பதற்குச் சக்தி அங்கிருந்துதான். மீனெண்ணெயின் கொழுப்பு அங்கே போய் என்ன செய்கிறது என்பதுதான் ரஷீத்தின் ஆராய்ச்சி.

தீனி போடும் சென்னம்மாளுக்கு அவ்வளவெல்லாம் சொல்லவில்லை. “இந்த எண்ணெய் நெஞ்சுக்கு நல்லதான்னு பாக்கறோம்மா” என்றதோடு சரி.

அட்டெண்டர் மதலைமுத்து குரலைத் தாழ்த்தினான். “இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? அவ புருஷன் நஞ்சப்பனுக்கு நெஞ்சு நோவு. நாலடி நடந்தா இரைக்குது. அவ பையைக்கூட மோந்து பாருங்க, கவுச்சி அடிக்குது. கடலை எண்ணெய் மட்டும் நீங்க சொன்ன அளவுலதான் கொறைஞ்சிருக்கு. மீனெண்ணெய்க்கு மட்டும் கால் மொளைச்சிடுச்சா?”

ரஷீத்துக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் சென்னம்மா. கேக்காம எடுத்தது தப்பு. இனிமே வேலைக்கு வர வேணாம்.”

சென்னம்மாள் அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

“வலப்பக்கம் மூணாவது கூண்டுல இருக்கறது ரெண்டு நாளா சரியாத் திங்கல சார். கொஞ்சம் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. பக்கத்துக்கு ஆறு எலியாகப் பன்னிரண்டு இதயங்களை ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். அதற்கான முடிவு.

‘இரண்டு பக்கத்து எலிகளின் மைட்டோகாண்ட்ரியாவிலும் மீன் கொழுப்பு ஏறியிருக்கிறது. வித்தியாசமே இல்லை. கடலை எண்ணெய் தின்ற எலிக்கு மீன் கொழுப்பு எங்கிருந்து வந்தது?’

ரஷீத் இரண்டு தரம் படித்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். அதியமான்கோட்டை போய்ச் சேரும்வரை கோபம் தணியவில்லை.

சென்னம்மாளின் வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து நஞ்சப்பன் இரைத்துக்கொண்டிருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

“உக்காருங்க, உக்காருங்க” என்றவர், உள்ளேயிருந்து வந்த சென்னம்மாளிடம் திரும்பினார். “வலப்பக்கத்துக்கும் மீனெண்ணெய் ஊத்துனியா?”

“ஆமாங்க சார். கடலை எண்ணெயை நீங்க சொன்னபடி ஊத்திட்டு, அதுக்கு மேல இதையும் ஊத்துனேன். அத்தனையும் எலிங்களுக்குத்தான்னு அன்னிக்கே சொன்னனுங்களே.”

“எதுக்கு ஊத்துன?”

“எப்படியும் அறுக்கப்போற உயிருங்க சார். நெஞ்சுக்கு நல்லதை ஒரு பக்கத்துக்குக் குடுத்துட்டு, இன்னொரு பக்கத்தை மோந்து பாக்க வெச்சா நல்லாவா இருக்கு? கம்பியைப் புடிச்சுக்கிட்டு மூக்கை மூக்கை நீட்டுதுங்க.”

ஏற்பாடுகளையும் சேர்த்து ஆறு மாச உழைப்பு. கத்த வேண்டும் என்றுதான் வந்திருந்தார். கேட்கத்தான் முடிந்தது.

“ரெண்டு பக்கமும் ஒண்ணையே தின்னா, மீனெண்ணெய் என்ன பண்ணுதுன்னு எப்படிம்மா தெரியும்? ஒரு பக்கம் திங்காம இருந்தாத்தானே ஒப்பிட்டுப் பாக்க முடியும்?”

சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அய்யய்யோ, அதுக்குத்தானுங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா ஊத்தியிருக்க மாட்டனே சார்!”

சொல்லவில்லைதான். தீனி போடுகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டார். அவள் சொன்ன உண்மையையும் காதில் வாங்கவில்லை.

“தப்பு எம் பேர்லதாம்மா” என்றார். “புது எலி வரவழைக்கிறேன். மொதல்லருந்து ஆரம்பிப்போம். திங்கக்கிழமை வந்துடு. எதுக்கு எதை ஊத்துறோம்னு ஒண்ணு விடாம உனக்குச் சொல்றேன். இந்தத் தடவை கண்டிப்பாக் கண்டுபுடிச்சுடலாம்.”

“வந்துடறேங்க சார்.”

சைக்கிளைத் திருப்பியவர் நின்றார். நஞ்சப்பனின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நெஞ்சுக்கு நல்லதுன்னு நம்பித்தானே அத்தனை எலிக்கும் ஊத்துன? டின்னு முழுக்க உன் கையிலதான் இருந்துச்சு. இவருக்கு ஒரு கரண்டி எடுத்துக்கலாம்னு உனக்குத் தோணவே இல்லியா?”

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள் சென்னம்மாள்.

“அதுங்க வாய்க்குன்னு வந்தது சார் அது. அதைப் போயி நாங்க எடுக்கலாமுங்களா?”