வீட்டு நடுவர்

"நாளைக்குக் கோட்டை விட்டா கடையைக் கட்ட வேண்டியதுதான்" என்று புலம்பியபடி அவள் கூடத்தில் ஒத்திகை பார்த்தாள். தொலைக்காட்சியில் முதலீட்டாளர்களிடம் தன் தொழிலை விளக்க வேண்டும். வீட்டில் கணவன்தான் நடுவர்.

"ரயிலைப் பிடிக்கவா போறே? மெதுவாப் பேசு."

மெதுவாகப் பேசினாள்.

"குனியாதே, முகத்தைக் காட்டு. வாய்கிட்ட கை எதுக்கு?"

"நிஜ நடுவருங்ககூட இந்தப் பாடு படுத்த மாட்டாங்க!" என்று சுவர்ப் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். அவன் கண்டுகொள்ளவே இல்லை.

அவள் திரும்பியதும் கேட்டான்: "உன் பொருள் வேலை செய்யும்னு எப்படி நம்புறதுன்னு கேட்டா?"

அவள் விறுவிறுவென்று வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். சத்தமே வரவில்லை. உள்ளே சுவரில் சிவப்பு விளக்கு மின்னியது.

அவன் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

"காது கேக்காத என் வீட்டுக்காரரே வந்து திறந்துட்டாரு, வேறென்ன வேணும்னு கேப்பேன்" என்றாள், தன் உதடுகளை அவன் படிக்கும்படி, மெதுவாக.