முப்பத்தேழு இலக்க எண்

"அக்கா, இந்த எண் தேறாது. ரெண்டு எண்ணோட பெருக்கலா உடைஞ்சிடுச்சு" என்றான் தோவான், ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை லியென் பக்கம் திருப்பி.

அவள் கணவர் கியெம், ஹுவே நகரில் கணக்கு வாத்தியார். காலை முழுக்கப் படுக்கையில் சாய்ந்தபடி தாள் தாளாகப் பெருக்கிக்கொண்டிருந்தவர், கடைசியில் முப்பத்தேழு இலக்க எண் ஒன்றை எழுதி அவளிடம் நீட்டியிருந்தார்.

"பகா எண்ணுக்கு ஒரு விதி கண்டுபிடிச்சிருக்கேன். இது எதாலயும் வகுபடலேன்னா விதி சரி. ஆயுசு முழுக்கத் தேடினது கிடைச்சிடும். உன் தம்பிகிட்ட சோதிக்கச் சொல்லி, உள்ளதை உள்ளபடி வந்து சொல்லு" என்றிருந்தார்.

தானே பார்த்துக்கொள்ள அவரிடம் போன் இல்லை. கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று லியென்தான் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள்.

"பகா எண்ணுதான்னு சொல்லிடலாம்டா."

"ஐயையோ! கணக்கைக் கரைச்சுக் குடிச்சவர்கா அத்தான். அவர்கிட்டயேவா?"

"வயித்துப்புண்ணுன்னு சொன்னதை நம்பிட்டாரே, இதை நம்ப மாட்டாரா? போற மனுஷன், சந்தோஷமாப் போகட்டும்டா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

புற்றுநோய் என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். நோயாளியின் காதில் அந்தப் பேரைப் போட எந்த வீட்டாருக்குத்தான் மனசு வரும்?

முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியோடு உள்ளே போனாள்.

"என்னய்யா மச்சான், பேருதான் பெத்த பேரு, கம்ப்யூட்டர் கடை முதலாளி! ஒரு எண்ணுக்கு இவ்வளவு நேரமா?" என்று கியெம் சீண்டினார்.

தோவான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம், பாவம். லியென் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, பகா எண்ணேதான்! எதாலயும் வகுபடலையாம். நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"என் மேல சத்தியமா?"

லியென் மீன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சாகக் கிடக்கிற புருஷன் மேல் சத்தியம் செய்வது லேசா?

"உங்க மேல சத்தியமா" என்றாள்.

கியெம் சிரிக்கவில்லை. அவள் ஊட்டிய கஞ்சியை மெல்ல விழுங்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விதியும் இல்லை, ஒண்ணும் இல்லை லியென். மனப்பாடமாத் தெரிஞ்ச ரெண்டு பகா எண்ணைப் பெருக்கித்தான் உன்கிட்ட கொடுத்தேன். என் மனசு நோகக் கூடாதுன்னா நீ எவ்வளவு தூரம் போவேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அழாதே. இப்பச் சொல்லு, எனக்கு இன்னும் எத்தனை மாசம்?"