ஓரகத்தியின் கண்கள்

சர்க்கரை நோயால் சலோமிக்கும் அவள் ஓரகத்தி பியூலாவுக்கும் ஒரே வருடத்தில் பார்வை போனது. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். சலோமி வெள்ளிதோறும் உபவாசமிருந்து, அழகான வார்த்தைகளைக் கோத்து மணிக்கணக்கில் ஜெபித்தாள். பியூலாவுக்கு அப்படியெல்லாம் வராது. "அப்பா, எங்க ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியணும்" என்பாள், அவ்வளவுதான். ஆடி மாதம் ஒரு காலையில் ஜெபித்து எழுந்தவள், "அக்கா, ஒங்க சேலை பச்சை" என்றாள்.

சபையே வீட்டுக்கு வந்து பாடியது. சலோமி தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றுமுதல் பியூலா தினமும் மத்தியானம் பக்கத்து அறையிலிருந்து வந்து, சலோமியின் கண்கள்மேல் கைவைத்து அதே வரியை ஜெபித்துவிட்டு, மீனில் முள் எடுத்துச் சோறு ஊட்டினாள். ஒரு முள்கூட நாவில் தட்டாதது சலோமிக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"நான் என்ன ஜெபிக்கேன்னு தெரியுமாட்டீ? ஒன் கண்ணைத் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லி ஜெபிக்கேன்."

"தெரியும்க்கா. செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

"பெறவு ஏன் வாற?"

பியூலா தட்டில் இன்னொரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "தெனமும் காலையில கண்ணைத் தொறக்கப் பயமா இருக்கு. கண்ணு தெரிஞ்சா, இன்னைக்கும் ஒங்களுக்கு முள்ளெடுத்துக் குடுக்கலாம்னு நெனைப்பேன்."

சலோமி தான் தள்ளிவிட்ட கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டாள். கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, நேத்துவரைக்கும் கேட்டதை விட்டுரும். இவளுக்கு இருக்கட்டும்" என்றாள். "எனக்குந் தாரும்."