ஏழாம் ரூம் பெரட்டு

றொசானா தனுஷிகாவின் கட்டிலில், தனுஷிகாவின் போர்வைக்குள், தனுஷிகாவின் குரலைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மணி காலை ஆறு பத்து. இன்னும் ஐந்து நிமிடத்தில் போன் அடிக்கும்.

கட்டிலுக்கு உரியவள் நேற்றுச் சாயங்காலமே பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். கணக்குப் பாடத்தில் இரண்டாவது தடவையும் கோட்டை விட்டிருந்தாள். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவளுக்கே கணக்கு வரவில்லை, அப்புறம் எனக்கு இந்த ஆசிரியர் கல்லூரியில் என்ன வேலை என்று கேட்டாள். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு இருக்கிறது என்று அறைத் தோழிகள் மூன்று பேரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். காதில் வாங்கவில்லை.

நானுஓயாவில் சித்தி வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அம்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அதுவரைக்கும் காலைப் பெரட்டை மட்டும் சமாளித்துவிடும்படி றொசானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டேதான். விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, மலைக்கு அனுப்புவார்களே, அது.

தனுஷிகாவின் அம்மா நாகலெட்சுமி நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவர். மகள் விடுதியில் தூங்கித் தூங்கி முதல் வகுப்பைத் தவறவிடுகிறாள், இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று தெரிந்ததும், தன் பெரட்டுக்குக் கிளம்பும் முன் மகளுக்கு ஒரு பெரட்டு வைக்கத் தொடங்கினார். ஏழாம் ரூமில் சிக்னல் பிடிக்கிற ஒரே போன் றொசானாவுடையது. அதில்தான் பேர் கூப்பிடுவார்.

முதல் வாரம் மற்ற மூன்று பேரும் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாவது வாரம் ஐவி தன் பேரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். மாதம் முடிவதற்குள் ஏழாம் ரூமில் பெரட்டுக்கு நிற்காத ஆளே இல்லை.

சட்டம் கடுமையானது. முகம் கழுவியிருக்க வேண்டும், நின்றபடி பதில் சொல்ல வேண்டும். படுத்துக்கொண்டு சொன்னால் அரைப்பேர்தான். தோட்டத்தில் கொழுந்து குறைந்தவர்களுக்குப் பாதி நாள் மட்டும் போடுவார்களே, அதே அரைப்பேர். சனிக்கிழமை தோட்டத்திலிருந்து வரும் ரொட்டியும் அவளுக்குப் பாதிதான் கிடைக்கும்.

தனுஜாவின் சிங்களப் பரீட்சையிலிருந்து சகலமும் அந்த அம்மாவுக்கு அத்துப்படி. வகுப்பின் முன் நின்றால் கால் நடுங்குகிறது என்று ஐவி அழுதபோது, மேசைக்குப் பின்னால் நின்றுகொள், கால் நடுங்குவது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அந்த யோசனை எந்த விரிவுரையாளருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் இப்போது ஏமாற்ற வேண்டும்.

றொசானாவுக்கு யார் குரலும் வரும். வார்டன் குரலில் அதட்டி, மாடிப் பிள்ளைகளை மழைக்குள் ஓடவைத்தவள். ஆனாலும் இன்றைக்கு அவளுக்கு இதில் மனமில்லை. இந்தப் பெரட்டில் பேர் விழுந்துவிட்டால் தனுஷிகா போனது யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் அவளைத் திருப்பி அனுப்பவும் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

போன் அடித்தது. ஐவி ஸ்பீக்கரில் போட்டாள்.

நாகலெட்சுமியின் குரல் இன்று வழக்கத்தைவிட உரக்கவே வந்தது. எப்போதும் மகளின் பேரைத்தான் முதலில் கூப்பிடுவார். இன்று ஐவியில் தொடங்கினார். அடுத்தது தனுஜா. அதற்கடுத்தது றொசானா.

றொசானா போர்வையை உதறி எழுந்து, நிமிர்ந்து நின்று தன் குரலில் பதில் சொன்னாள். சொன்ன கையோடு மறுபடியும் போர்வைக்குள் பாய்ந்தாள். போர்வையை வாயில் வைத்துக்கொண்டு தடுமன் பிடித்தவள்போலப் பேசுவதுதான் திட்டம்.

கடைசியாகத் தனுஷிகாவின் பேர் வந்தது.

போர்வைக்குள்ளிருந்து றொசானா இரண்டு முறை இருமினாள். பிறகு தனுஷிகாவைப் போலவே இழுத்து இழுத்து, இருப்பதாகச் சொன்னாள். தனுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அச்சு அசல் அவளேதான்.



பிறகு நாகலெட்சுமி தீர்ப்புச் சொன்னார். தனுஷிகா படுத்துக்கொண்டு பேசுகிறாளாம், ஆகவே அரைப்பேர்.

ஐவி நெஞ்சில் கை வைத்து மூச்சுவிட்டாள். தனுஜா குதிக்காத குறைதான். றொசானாவுக்கு மட்டும் அழுகை வந்தது. இவ்வளவு நல்ல அம்மாவை இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஐவி போனை எடுக்கக் கை நீட்டினாள். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. நாகலெட்சுமி வீட்டுக்குள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கேட்டியாடி? நீ இல்லாமலே அங்க உனக்கு அரைப்பேரு விழுந்துருச்சு. மிச்சத்த நீயே போய்ப் போட்டுக்க. எந்திரி, எட்டு மணி பஸ்ஸ விட்டுறாத."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானுஓயாவுக்கு என்று கிளம்பியவள் ஹட்டனில் நல்லதண்ணி பஸ்ஸில் ஏறி அம்மாவிடமே போயிருக்கிறாள்.

றொசானா போர்வையை விலக்கி, எழுந்து நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சற்றுப் பொறுத்து, வாசல் தண்ணீர்ப் பீலியில் யாரோ முகம் கழுவும் சத்தம் போனுக்குள் கேட்டது.